குடிமக்களின் ஆயுதமும் அரசின் ஆயுதமும்

துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் இயற்கை உரிமையா, அல்லது அரசு தக்கவர்களுக்கு வழங்கித் தேவையானபோது திரும்பப் பெறத்தக்க அனுமதியா என்னும் கேள்வி, இன்றைய அமெரிக்க அரசியலில் கட்சிகளைப் பிரிக்கும் முதன்மைக் கேள்விகளில் ஒன்றாக விளங்குகிறது. இந்தியாவில் அது என்றோ தீர்ந்துபோன ஒன்றாகக் கருதப்படுவதால், நம் நாளிதழ்களில் அமெரிக்கப் பள்ளிப் படுகொலைச் செய்திகளின் பின்னணியாக மட்டுமே அது இடம்பெறுகிறது. ஆயினும் இந்திய விடுதலை இயக்கம் பல பத்தாண்டுகளாக ஆயுத உரிமையைத் தன் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்திருந்ததும், அரசமைப்பு அவையில் அது விவாதிக்கப்பட்டுக் கைவிடப்பட்டதும் பலரும் அறியாத வரலாறு. இந்தியா எந்தக் காரணங்களால் வேறு வழியைத் தேர்ந்தது, அதற்கு ஈடாகக் குடிமக்களுக்கு எதை வாக்களித்தது, அந்த வாக்கு எவ்வளவு தூரம் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்பவற்றை அமெரிக்கப் பழமைவாதிகளின் வாதங்களோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த மதிப்பீட்டுக்குக் கேரளத்தின் கொச்சி நகரைச் சேர்ந்த மட்டாஞ்சேரி முக்கியமான சான்றுகளைத் தருகிறது. 1503இல் போர்த்துகீசியர் கொச்சியில் கோட்டை எழுப்பியதும், அடுத்த ஆண்டு அவர்களது பீரங்கிகளின் துணையால் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் படையெடுப்பு முறியடிக்கப்பட்டதும், ஆயுதம் யார் கையில் இருக்கிறதோ அவர்களே அரியணையின் உண்மையான காவலர்கள் என்பதை அக்கடற்கரைக்கு உணர்த்தின. மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டிக் கொச்சி அரசருக்கு வழங்கியவர்களும் போர்த்துகீசியரே. 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபோது காவலர்கள் மாறினார்களேயன்றி அரசரின் சார்புநிலை மாறவில்லை. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் கோட்டைக் கொச்சி மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தோடு இணைந்திருக்க, அதை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்தில் அமைந்திருந்தது. இவற்றையெல்லாம் கடந்து, விடுதலைக்குப் பின் 1953இல் அங்கு நடந்த துப்பாக்கிச் சூடுதான் இக்கட்டுரையின் மையக் கேள்வியைக் கூர்மையாக முன்வைக்கிறது.

அமெரிக்கப் பழமைவாதிகளின் வாதங்கள்

அமெரிக்க அரசியலில் பழமைவாதம் என்பது பொதுவாகக் குடியரசுக் கட்சியைச் சார்ந்து நிற்கும் கருத்துநிலையைக் குறிக்கிறது. நடுவண் அரசின் அதிகாரம் வரம்புக்குட்பட்டிருக்க வேண்டும், குடும்பம், சமயம், சொத்து முதலிய நிறுவனங்கள் காக்கப்பட வேண்டும், அரசமைப்புச் சட்டம் அது இயற்றப்பட்ட காலத்தில் கொண்டிருந்த பொருளிலேயே படிக்கப்பட வேண்டும் என்பன அதன் அடிப்படைகள். துப்பாக்கி உரிமைக்கு அது காட்டும் ஆதாரம், 1791இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் இரண்டாம் திருத்தம். ஒழுங்கமைந்த குடிப்படையின் தேவையையும் மக்களின் ஆயுத உரிமையையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துச் சொல்லும் அத்திருத்தம், குடிப்படையில் சேர்ந்தவருக்கு மட்டும் உரியதா, தனிமனிதர் ஒவ்வொருவருக்கும் உரியதா என்பதே நெடுங்காலச் சர்ச்சையாக இருந்தது.

2008இல் ஹெல்லர் வழக்கில், வாஷிங்டன் நகரம் விதித்திருந்த கைத்துப்பாக்கித் தடையை ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்காக ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று தீர்ப்பளித்தது. நீதிபதி அன்டோனின் ஸ்காலியா எழுதிய அத்தீர்ப்பு, இவ்வுரிமை வரம்பற்றதன்று என்பதையும் சேர்த்தே கூறியது. 2010இல் மெக்டொனால்ட் வழக்கு இவ்வுரிமையை மாநிலங்களின் சட்டங்களுக்கு எதிராகவும் செல்லுபடியாக்கியது. 2022இல் நியூயார்க் தொடர்பான புரூயன் வழக்கில், பொது இடங்களில் ஆயுதம் ஏந்திச் செல்லும் உரிமையை ஏற்ற நீதிமன்றம், எந்தக் கட்டுப்பாடும் அந்நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்னும் அளவுகோலையும் வகுத்தது. அதன் விளைவுகள் கவலையளித்த நிலையில், 2024இல் ரஹீமி வழக்கில், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவரிடமிருந்து ஆயுதத்தை விலக்கி வைக்கலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்நீதிமன்றமே ஓர் எல்லையை வகுத்தது.

இத்தீர்ப்புகளுக்குப் பின்னுள்ள பழமைவாத வாதங்கள் நான்கு வகைப்படும். காவல்துறை வந்து சேரும்வரை குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு அதன் உறுப்பினர்களுடையது என்னும் தற்காப்பு வாதம் முதலாவது. அரசு கொடுங்கோன்மையாக மாறுமானால் அதைத் தடுக்கும் இறுதி அரண் ஆயுதம் தாங்கிய குடிமக்களே என்னும் எதிர்ப்பு வாதம் இரண்டாவது. வேட்டையும் பண்ணை வாழ்வும் கலந்த நாட்டுப்புறப் பண்பாட்டை நகரத்தார் தம் அச்சங்களைக்கொண்டு அளக்கலாகாது என்னும் பண்பாட்டு வாதம் மூன்றாவது. ஆயுதப் பறிப்பு எப்போதும் நலிந்தவர்கள் மீதே விழுந்திருக்கிறது என்னும் வரலாற்று வாதம் நான்காவது. உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்கள் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் ஆயுதங்களைப் பறித்ததை மெக்டொனால்ட் வழக்கில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் விரிவாக எடுத்துக்காட்டியிருப்பதால், இந்நான்காவது வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

எனினும் இவ்வாதங்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் பயன்பட்டதில்லை. 1967இல் கலிபோர்னியாவில் பிளாக் பாந்தர் கட்சியினர் துப்பாக்கிகளுடன் காவலர்களைக் கண்காணிக்கத் தொடங்கியபோது, பொது இடங்களில் குண்டு நிரப்பிய ஆயுதம் ஏந்துவதைத் தடைசெய்த மல்ஃபோர்டு சட்டத்தில் கையெழுத்திட்டவர், பிற்காலத்தில் பழமைவாதத்தின் பெருந்தலைவராகப் போற்றப்பட்ட ஆளுநர் ரொனால்டு ரீகன். 2016இல் மினசோட்டாவில், முறையான அனுமதியுடன் துப்பாக்கி வைத்திருந்த கறுப்பினத்தவர் ஒருவர், சாலைச் சோதனையில் அதைத் தாமாகவே தெரிவித்த பிறகும் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசுக்கு எதிரான அரண் என்று போற்றப்படும் ஆயுதம், அரசு யாரை ஐயத்தோடு பார்க்கிறதோ அவருக்கு அரணாக அமையவில்லை என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

உயிரிழப்பின் கணக்கும் கருதத்தக்கது. ஜெனீவாவைச் சேர்ந்த சிறு ஆயுத ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2017இல் அமெரிக்கக் குடிமக்களிடம் சுமார் 39 கோடித் துப்பாக்கிகள், அதாவது நூறு பேருக்கு 120 என்ற விகிதத்தில், இருந்தன. இந்தியாவில் உரிமம் பெற்றவையும் பெறாதவையும் சேர்த்து நூறு பேருக்கு ஐந்து என்ற அளவிலேயே இருந்தன. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொடுங்கோலரை எதிர்க்க வாங்கப்படும் ஆயுதம் பெரும்பாலும் வாங்கியவரின் வீட்டுக்குள்ளேயே உயிர்களைப் பறிக்கிறது என்னும் இவ்வுண்மைக்குப் பழமைவாதம் இன்றுவரை நிறைவான விடை தரவில்லை. 2022 மே மாதம் டெக்சஸின் யுவால்டி நகரப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பின், இரு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம் 21 வயதுக்குட்பட்டவர்கள் வாங்கும்போது கூடுதல் சரிபார்ப்பை ஏற்படுத்தியது. 2025 பிப்ரவரியில் அதிபர் டிரம்ப் முந்தைய ஆட்சியின் துப்பாக்கிக் கட்டுப்பாடுகளை மறுஆய்வு செய்யுமாறு ஆணையிட்டதிலிருந்து, இவ்விவகாரம் ஆட்சி மாறும்போதெல்லாம் திசை மாறுவதைக் காணலாம்.

இந்தியாவில் ஆயுதப் பறிப்பின் வரலாறு

ஆயுதப் பறிப்பு அடிமைத்தனத்தின் முன்னறிகுறி என்னும் அமெரிக்க வாதத்துக்குத் தென்னிந்திய வரலாறு வலுவான சான்றளிக்கிறது. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்ட பிறகு, மதராஸ் ஆளுநர் எட்வர்டு கிளைவ் 1801 டிசம்பர் 1 அன்று வெளியிட்ட பிரகடனம், பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆயுதத்தை ஒப்படைப்பவர்களுக்கு நிலவரி நிலைப்படுத்தப்படும் என்ற உறுதி அளிக்கப்பட்டது. படைவீரராகவும் ஊர்க்காவலராகவும் வாழ்ந்த மக்கள், ஒரே ஆணையால் வரி செலுத்தும் குடிகளாக மட்டும் மாற்றப்பட்டனர்.

மலபாரில் இது வேறொரு வடிவம் எடுத்தது. நிலவுடைமையாளருக்கும் ஆட்சியாளருக்கும் எதிராக மாப்பிள்ளைக் குடியானவர்கள் நடத்திய கிளர்ச்சிகளை ஒடுக்க, 1854ஆம் ஆண்டின் சட்டம் அவர்களது போர்க்கத்திகளை வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அச்சட்டத்தை முனைந்து நிறைவேற்றிய மாவட்ட ஆட்சியர் கொனலி, 1855 செப்டம்பரில் கோழிக்கோட்டிலுள்ள தம் இல்லத்தில் கொல்லப்பட்டார். நிலத்தில் வேரூன்றிய குறையைத் தீர்க்காமல் கத்தியை மட்டும் பறிப்பது அமைதியைத் தராது என்பதை அது உணர்த்தியது. 1857 பெருங்கிளர்ச்சிக்குப் பின்னான அச்சத்தின் தொடர்ச்சியாக, வைஸ்ராய் லிட்டன் காலத்தில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியர் உரிமம் பெற்றே ஆயுதம் வைத்திருக்க முடியும் என்று விதித்த அச்சட்டத்திலிருந்து ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. எனவே அது பாதுகாப்புச் சட்டமாக மட்டும் அமையாமல், ஆள்பவரையும் ஆளப்படுபவரையும் நிறத்தால் பிரிக்கும் இழிவாகவும் உணரப்பட்டது.

விடுதலை இயக்கத்தின் கோரிக்கையும் அரசமைப்பு அவையின் முடிவும்

இந்திய தேசிய காங்கிரஸ் தன் மூன்றாவது மாநாட்டை 1887இல் பதுருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் நடத்தியபோதே, ஆயுதச் சட்டத்தைத் திருத்துமாறு தீர்மானம் நிறைவேற்றியது. மக்களின் விசுவாசத்தின் மீது தகுதியற்ற களங்கத்தைச் சுமத்துகிறது என்பது அச்சட்டத்தின் மீதான முதன்மைக் குற்றச்சாட்டாக இருந்தது. அகிம்சையின் உருவாகப் போற்றப்படும் காந்தியடிகளே, 1918இல் படைக்கு ஆள் சேர்க்கும் பணியில் ஈடுபட்டபோது, ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் நிராயுதபாணிகளாக்கிய சட்டத்தை ஆங்கிலேயரின் கொடுஞ்செயல்களுள் மிகக் கொடியதாக வரலாறு கருதும் என்ற பொருளில் எழுதினார். இக்கூற்றை இன்றும் அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளர்கள் தம் தரப்புக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அவர் படையில் சேர்தல் என்னும் பொதுக்கடமையைப் பற்றியும் அந்நிய ஆட்சியின் பாகுபாட்டைப் பற்றியும் பேசினார் என்னும் சூழல் அதில் விடுபட்டுப்போகிறது. 1930 தொடக்கத்தில் அவர் வைஸ்ராய் இர்வினிடம் முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில், மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் வழங்கப்பட வேண்டும் என்பதும் ஒன்று. காங்கிரசின் 1931 கராச்சித் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகளில், உரிய விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது.

இந்தப் பின்னணியில் 1948 டிசம்பர் தொடக்கத்தில், அரசமைப்பு அவையில் இன்றைய 19ஆம் பிரிவைப் பற்றிய விவாதத்தின்போது, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமையாகச் சேர்க்குமாறு அவை உறுப்பினர் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். காங்கிரஸ் நெடுங்காலமாகக் கேட்டுவந்ததை விடுதலை பெற்ற பின் மறப்பது முறையன்று என்பது அவரது நிலைப்பாடு. அந்நிய ஆட்சியில் அக்கோரிக்கை நியாயமானதே என்று ஒப்புக்கொண்ட அம்பேத்கர், ஆட்சி நம்முடையதாகிவிட்ட நிலையில் வலியுறுத்தப்பட வேண்டியது ஆயுதம் தாங்கும் உரிமையைவிட நாட்டைக் காக்க ஆயுதம் தாங்கும் கடமையே என்றும், அதை அடிப்படை உரிமையாக்கினால் குற்றவாளிகளும் அதைக் கோருவார்கள் என்றும் விடையளித்தார். திருத்தம் நிராகரிக்கப்பட்டது. சீக்கியர் கிர்பான் அணிவது 25ஆம் பிரிவில் சமய உரிமையின் பகுதியாக ஏற்கப்பட்டதைத் தவிர, ஆயுதம் பற்றிய உரிமை எதுவும் அரசமைப்பில் இடம்பெறவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இனப் பாகுபாட்டை நீக்கியது. உரிம முறையைத் தக்கவைத்தது. 2019இல் திருத்தப்பட்ட பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. 2023 பிப்ரவரியில் உரிமமற்ற ஆயுதங்களைப் பற்றிக் கவலை தெரிவித்த இந்திய உச்ச நீதிமன்றம், அமெரிக்காவில் உள்ளதுபோல் இங்கு ஆயுதம் தாங்குவது அடிப்படை உரிமையன்று என்பதை மீண்டும் நினைவூட்டியது.

ஆயினும் தற்காப்பு உரிமையை இந்தியச் சட்டம் கைவிடவில்லை. தன் உடலையும் சொத்தையும் பிறர் உடலையும் காத்துக்கொள்ளும் உரிமை இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது; இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தொடர்கிறது. கொலை, வல்லுறவு போன்ற கொடுந்தாக்குதல்களை எதிர்க்கும்போது தாக்குபவரின் உயிர் போனாலும் அது குற்றமாகாது. தற்காப்பு உரிமையும் துப்பாக்கி உரிமையும் ஒன்றே என்று அமெரிக்கப் பழமைவாதம் கொள்ள, இந்தியச் சட்டம் முதலாவதை முழுமையாக ஏற்று இரண்டாவதை அரசின் மேற்பார்வையில் வைக்கிறது. இவ்வேறுபாடே இரு நாட்டு நிலைப்பாடுகளையும் புரிந்துகொள்வதற்கான திறவுகோல்.

விதிவிலக்குகள்: குடகும் கேரள மலைப்புறமும்

பண்பாட்டு வாதத்துக்கு இந்தியாவிலேயே ஒரு சோதனைக்களம் உண்டு. 1861இல் ஆணையர் மார்க் கப்பன் குடகு மக்களுக்கு அளித்த ஆயுத விலக்கு இன்றும் நடைமுறையில் உள்ளது. குடவ இனத்தவருக்கும், படைப்பணிக்கு ஈடாக வழங்கப்பட்ட ஜம்மா நிலத்தை வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. கைல்போல்து திருவிழாவில் துப்பாக்கிகள் பூசிக்கப்படுகின்றன. 2019இல் நடுவண் அரசு இவ்விலக்கைப் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. இனத்தின் அடிப்படையிலான இச்சலுகை சமத்துவத்துக்கு முரணானது என்று தொடரப்பட்ட வழக்கில், 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் செல்லும் என்று அறிவித்தது. ஆயுதம் பரவலாக இருந்தாலே வன்முறை பெருகும் என்று பொதுப்படக் கூறுவோர் குடகைக் கருத்தில் கொள்ள வேண்டும். அதேவேளையில், அங்கு துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவது குடும்பமும் குலமும் சடங்கும் சேர்ந்த சமூக ஒழுங்கு என்பதையும், சந்தையில் எவரும் வாங்கக்கூடிய பொருளாக அது ஆக்கப்படவில்லை என்பதையும் மறக்கலாகாது.

கேரளத்தின் மலைப்புற விவசாயிகளின் நிலை இதனினும் நெருக்கடியானது. வாழை, மரவள்ளி, சேனை பயிரிடுவோர் காட்டுப்பன்றிகளால் ஆண்டுதோறும் இழப்பைச் சந்திப்பதால், 2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது; பட்டியலில் சேர்க்கப்பட்ட, உரிமம் பெற்ற துப்பாக்கியாளர்கள் அப்பணியைச் செய்கிறார்கள். தேர்தல் காலங்களில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருப்பதால் அப்பருவத்தில் பயிர்கள் காவலின்றிப் போகின்றன என்பது விவசாயிகளின் குறை. அமெரிக்க நாட்டுப்புறப் பழமைவாதி கேட்பதும் கேரள மலை விவசாயி கேட்பதும் இவ்விடத்தில் ஒத்திருக்கின்றன. ஆனால் கேரளம் கண்ட தீர்வு, உள்ளாட்சியின் ஆணையையும் உரிமம் பெற்றவரின் திறனையும் இணைத்து, ஆயுதத்தைப் பொதுப்பணியாக மாற்றுகிறது. உரிமம் வழங்குவதில் தாமதமும் செல்வாக்கும் இடம்பெறாதவாறு காப்பது அத்தீர்வு நிலைப்பதற்கான நிபந்தனையாகும்.

மட்டாஞ்சேரி, மார்த்தாண்டம், தூத்துக்குடி

குடிமக்கள் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்ட நாட்டில் அரசின் துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவது யார் என்னும் கேள்வியே எஞ்சி நிற்பது. கொச்சித் துறைமுகத்தில் அன்று சாப்பா முறை என்னும் கொடிய வேலைமுறை நிலவியது. காலையில் கூடிநிற்கும் தொழிலாளர் கூட்டத்துக்குள் உலோக வில்லைகள் வீசியெறியப்படும். அவற்றைப் பிடிக்க ஒருவரோடொருவர் மோதிக்கொண்டவர்களில் வில்லை கிடைத்தவருக்கு மட்டுமே அன்றைய வேலையும் கூலியும் கிடைக்கும். இதை எதிர்த்து நடந்த நீண்ட போராட்டத்தின் உச்சமாக 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி ஆகிய தொழிலாளர்கள் குண்டடிபட்டு இறந்தனர். ஆன்டணி என்பவர் காவல்துறையின் கொடுமையால் உயிரிழந்தார். வில்லைக்காக மோதிக்கொள்ள மறுத்ததே அவர்கள் செய்த கலகம். அவர்கள் ஆயுதம் வைத்திருந்தால் விளைவு மாறியிருக்கும் என்று வாதிடலாம். ஆனால் அவ்வாறிருந்தால் துறைமுகத் தெருக்கள் போர்க்களமாகி, சூட்டுக்கு நியாயமும் கிடைத்திருக்கும். சாப்பா முறை ஒழிந்தது, தொழிற்சங்கங்களின் ஓயாத முயற்சியாலும் துறைமுகத் தொழிலாளர் வாரியம் போன்ற சட்டப்படியான அமைப்பாலுமே ஆகும்.

அடுத்த ஆண்டு, மட்டாஞ்சேரியும் அன்று அடங்கியிருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில், தமிழ்ப் பகுதிகளைத் தாய்த்தமிழகத்தோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டத்தின்போது, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் தமிழர்கள் உயிரிழந்தனர். அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுபிள்ளை தலைமையிலான பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அக்கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியா, நிராயுதபாணிகளான மக்கள் மீது சுட்ட அரசு தம் கட்சியினுடையதாயினும் பதவி விலக வேண்டும் என்றார். கட்சி அதை ஏற்கவில்லை. அப்பிளவு லோகியா வெளியேறித் தனிக்கட்சி தொடங்குவதில் முடிந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆனால் குடிமக்களிடம் ஆயுதம் இல்லாத நாட்டில் ஆள்வோர் ஏற்க வேண்டிய அறம் எது என்பதை லோகியாவின் கோரிக்கை வரையறுத்தது. அன்றைய அரசு அதைப் பின்பற்றவில்லை.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் தாமிர உருக்காலைக்கு எதிரான பேரணியின் மீது நடந்த சூட்டைத் தொடர்ந்து பதின்மூன்று பேர் உயிரிழந்தனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் தமிழக சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டுதலின்றிச் சுடப்பட்டதாகக் கூறி, அது காவல்துறையினர் பலர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. கூட்டத்தைக் கலைக்கும்போது நல்லெண்ணத்துடன் செயல்பட்ட அதிகாரிகள் மீது அரசின் முன்அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாது என்னும் பாதுகாப்பு, பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் இருந்தவாறே புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. சுட்ட அரசே வழக்குக்கு அனுமதியும் தர வேண்டும் என்னும் இந்நிலை, 1948இல் அம்பேத்கர் நம்பிய நம்முடைய ஆட்சி என்னும் அடித்தளத்தையே அரிக்கிறது.

மதிப்பீடு

இவ்வரலாறு முழுவதையும் தொகுத்துப் பார்த்தால், அமெரிக்கப் பழமைவாதம் எழுப்பும் கேள்வி சரியானது என்றும், அது தரும் விடை தவறானது என்றும் முடிவுகூற வேண்டியிருக்கிறது. அரசு எல்லை மீறும்போது குடிமக்களைக் காப்பது எது என்னும் அக்கேள்வியை 1801இன் பாளையங்களும் 1953இன் மட்டாஞ்சேரியும் நமக்கும் விட்டுச் சென்றிருக்கின்றன. வீட்டுக்கு வீடு துப்பாக்கி என்னும் விடை, அமெரிக்காவில் அரசைப் பணியவைக்கவில்லை. ஐயத்துக்குரியவர்களாகப் பார்க்கப்பட்டவர்களைக் காக்கவும் இல்லை. ஆண்டுதோறும் பல்லாயிரம் குடும்பங்களைத் துயரில் ஆழ்த்துகிறது. இந்தியா 1948இல் தேர்ந்த வழி இதனினும் மேலானது. ஆனால் அது ஓர் ஒப்பந்தம்: குடிமக்கள் ஆயுதத்தைக் கீழே வைப்பார்கள், அரசு தன் ஆயுதத்துக்குக் கணக்குச் சொல்லும். முதற்பாதியைக் குடிமக்கள் நிறைவேற்றியிருக்கிறார்கள். மறுபாதி நிலுவையில் இருக்கிறது.

அந்நிலுவையைத் தீர்க்க வேண்டிய வழிகளும் தெளிவானவையே. காவல்துறையின் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டையும் அத்துறைக்கு வெளியிலுள்ள சுதந்திரமான அமைப்பு புலனாய்வு செய்ய வேண்டும். விசாரணை ஆணையங்களின் அறிக்கைகள் குறித்த காலத்துக்குள் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, அவற்றின்மீது நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். வழக்குத் தொடர அரசின் முன்அனுமதி வேண்டும் என்னும் விதியில், நிராயுதபாணிகள் இறந்த நிகழ்வுகளுக்கேனும் விலக்கு அளிக்கப்பட வேண்டும். பயிர்க்காவல் முதலிய உண்மைத் தேவையுள்ளவர்களுக்கு உரிமம் தாமதமின்றியும் பாகுபாடின்றியும் வழங்கப்படுவதும் இவ்வொப்பந்தத்தின் ஒரு பகுதியே. இவை நிறைவேறும் அளவுக்குத்தான், ஆயுதமின்றி வாழ்வதைக் குடிமக்கள் அச்சத்தின் விளைவாகக் கருதாமல், தாங்களே தேர்ந்த குடியரசின் பெருமையாகக் கருத முடியும்.